காற்றைக் கருவியாக வைத்து மீன் விலையை ஆராய்வோருக்கு: வலுவற்ற கருவியின் சாய்வில் சிக்காமல் கணக்கிடும் வழிமுறை

இராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ ஒரு நாள் மீன் வரத்து சட்டென்று குறைந்தால் அன்றைய விலை எவ்வளவு ஏறும், அந்த ஏற்றம் அடுத்தடுத்த நாள்களில் எவ்வளவு தங்கும் என்பதைத் தரவு கொண்டு கணக்கிட விரும்பும் முதுகலை மாணவர்களுக்காகவும் ஆய்வு மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்தக் கடற்கரையின் தரவோடு நெடுநாள் போராடிய பிறகே இவற்றில் பலவும் எனக்குத் தெளிவாயின. உங்களுக்கு அவ்வளவு காலம் வீணாகக் கூடாது.

விலையையும் வரத்தையும் நேரடியாக ஒப்பிட்டால் விடை கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை என்று கேட்பு கூடும் நாள்களை எதிர்பார்த்துக் கூடுதல் படகுகள் கடலுக்குச் செல்கின்றன. அன்று வரத்தும் அதிகம், விலையும் அதிகம். ஆகவே சாதாரண ரிக்ரஷன் கணக்கு (வரத்து மாறும்போது விலை எவ்வளவு மாறுகிறது என்று தரவுக்குக் கோடு பொருத்தும் முறை) வரத்தின் விளைவை உள்ளதைவிடக் குறைத்தே காட்டும். படகுகளைத் தடுக்கும், ஆனால் வாங்குவோரின் விருப்பத்தைத் தொடாத ஒன்று வேண்டும். கடல் காற்று அதற்குப் பொருத்தமான கருவி மாறி. நியூயார்க்கின் ஃபுல்டன் மீன் சந்தைத் தரவில் ஆங்ரிஸ்ட், கிராடி, இம்பென்ஸ் மூவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வும் கடல் வானிலையைத்தான் கருவியாகக் கொண்டது. ஆனால் காற்றுக்கும் வரத்துக்கும் உள்ள தொடர்பு மெலிந்ததாக இருந்தால், கருவியை வைத்துப் பெற்ற மதிப்பீடும் நாம் தப்பிக்க நினைத்த அதே தவறான விடையை நோக்கிச் சாயும். அதன் திட்டப் பிழையும், அதாவது மதிப்பீடு எவ்வளவு நிச்சயமற்றது என்று காட்டும் அளவும், நம்பத்தகாததாகிவிடும். நாள்வாரியாக விரியும் விளைவைக் கணக்கிடும்போது இந்த ஆபத்து இன்னும் கூடுகிறது.

1. எந்த மீன், எந்தக் கடல் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏற்றுமதிக்குப் போகும் இறால், நண்டு, கணவாய் ஆகியவற்றின் விலை பெரும்பாலும் வெளிச் சந்தையைப் பொறுத்தது. இங்கே ஒரு நாள் காற்றடித்ததற்காக அது அசையாது. உள்ளூர்ச் சந்தையில் விற்றுத் தீரும் நகரை, சூடை, காரல் போன்ற மீன்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

வடகடலையும் தென்கடலையும், அதாவது பாக் நீரிணைப் பக்கத்தையும் மன்னார் வளைகுடாப் பக்கத்தையும், ஒரே தொகுப்பாகச் சேர்க்காதீர்கள். வாடை என்னும் வடகிழக்குக் காற்றில் வடகடல் கொந்தளிக்கும்போது தென்கடலில் தொழில் நடக்கலாம். கச்சான் என்னும் மேல்காற்றுக் காலத்தில் நிலைமை மாறும். இரண்டையும் கூட்டினால் ஒன்றின் குறைவை மற்றொன்று ஈடுகட்டி, கருவியின் வலு தொடக்கத்திலேயே கரைந்துவிடும்.

2. ஆவணங்கள்: எதை, எங்கே, எந்தச் செலவில் பெறுவது

உங்களுக்கு மூன்று ஆவணங்கள் தேவை.

முதலாவது, விசைப்படகுகளுக்கு மீன்வளத்துறை வழங்கும் அனுமதி டோக்கனின் நாள்வாரி எண்ணிக்கை. நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் விண்ணப்பியுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டலாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு; பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். இங்கே பலர் தடுக்கி விழுவது ஓரிடத்தில்: "ஐந்தாண்டுக்கான நாள்வாரி அட்டவணை தயாரித்துத் தருக" என்று எழுதினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும் வாய்ப்பு அதிகம், ஏனெனில் இருக்கும் பதிவைத் தருவதே அலுவலகத்தின் கடமை, புதிதாகத் தொகுப்பது அன்று. "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரையான டோக்கன் பதிவேட்டின் நகல்" என்று கேளுங்கள்.

இரண்டாவது, ஏல விலை. இது ஏலக்காரரின் நோட்டில்தான் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் தேதி, படகு, மீன், கூடை எண்ணிக்கை, கூடை விலை, கழிவு என்று வரிசையாக இருக்கும். காற்றடித்த நாள்களில் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடும், அதன்மேல் "படகு இல்லை" என்ற குறிப்பும் இருக்கும். அந்தக் கோடுபோட்ட நாள்களையும் தவறாமல் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றின் தேவை பின்னால் வரும். கூடையின் அளவு எல்லா இடத்திலும் ஒன்றல்ல என்பதால், ஒவ்வொரு ஏலக்காரரிடமும் ஒரு கூடைக்கு எத்தனை கிலோ என்று கேட்டு எழுதுங்கள். வரத்தில் ஏற்படும் அளவீட்டுப் பிழை தற்செயலானதாக இருந்தால் அது கருவி மதிப்பீட்டைச் சாய்க்காது. ஆனால் முதற்கட்டத்தின், அதாவது காற்றைக் கொண்டு வரத்தைக் கணக்கிடும் படியின், வலுவை நேரடியாகக் குறைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஏலக்காரருக்கும் படகு உரிமையாளருக்கும் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அப்போதுதான். நோட்டைப் படியெடுக்கும் வேலையை அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமை விண்ணப்பத்தை பிப்ரவரியிலேயே அனுப்பிவிட்டால், மேல்முறையீடு தேவைப்பட்டாலும் ஜூனுக்குள் இரண்டும் கைக்கு வர வாய்ப்புண்டு.

மூன்றாவது, காற்று. ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈஆர்ஏ5 (ERA5) வானிலைத் தரவுத் தொகுப்பு மணிவாரியாக 1940 முதல் கிடைக்கிறது. கோப்பர்நிக்கஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினால் செலவில்லை. முதல்நிலைத் தரவு ஏறத்தாழ ஐந்து நாள் தாமதத்தில் வந்துவிடும். இறுதித் தரவுக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். தரவுப் புள்ளிகள் கால் பாகை இடைவெளியில் இருப்பதால், நிலத்தின் மேல் விழும் புள்ளியைத் தேர்ந்துவிடாதீர்கள். வடகடலுக்கு 9.5 பாகை வடக்கு, 79.25 பாகை கிழக்கு, தென்கடலுக்கு 9.0 வடக்கு, 79.0 கிழக்கு. இவ்விரண்டும் கடலிலேயே அமைகின்றன.

3. நேரத்தைப் பொருத்துங்கள்

ஈஆர்ஏ5-இன் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதன் பூஜ்ய மணி நமக்குக் காலை 5.30. அதன் "ஒரு நாள்" சராசரியை அப்படியே நம் தேதியோடு ஒட்டினால் காற்றும் வரத்தும் பிசகிவிடும். இராமேஸ்வரம் விசைப்படகுகளுக்குத் திங்கள், புதன், சனி ஆகியவை தொழில் நாள்கள். மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு உரியவை. காலையில் புறப்படும் விசைப்படகு மறுநாள் காலை கரை சேர்வதால், செவ்வாய் ஏலத்துக்குப் பொருந்தும் காற்று திங்கள் காலை முதல் செவ்வாய் காலை வரையிலானது. விசைப்படகு வரத்தை ஆராய்பவர் தொழில் இல்லாத நாள்களையும் வரிசையில் விட்டுவைத்தால், எந்தக் காற்றாலும் மாறாத வரத்தைக் காற்றோடு ஒப்பிடுகிறார் என்று பொருள்; முதற்கட்ட வலு வீணாகக் குறையும். படகுகள் கரைசேர வேண்டிய நாள்களை மட்டும் வரிசைப்படுத்தி, "அடுத்த கரைசேர்ப்பு, அதற்கடுத்தது" என்று விளைவை எண்ணுங்கள். வேலைநிறுத்த நாள்களைத் தனி மாறியாகக் குறியுங்கள். அவற்றையே கருவியாக்கும் ஆசை வரும். ஆனால் இறால் விலை போதவில்லை என்பதற்காகவும் வேலைநிறுத்தம் நடப்பதுண்டு என்பதால் அது விலையிலிருந்து விடுபட்டதன்று.

கோடுபோட்ட நாள்களின் தேவை இங்கேதான். படகே போகாத நாளில் ஏலவிலை இல்லை என்று அந்த நாளை நீக்கிவிட்டால், கருவி மிக வலுவாக வேலை செய்த நாள்களையே தூக்கி எறிகிறீர்கள். மிஞ்சுவது மிதமான காற்று வீசிய நாள்கள் மட்டும். விலைக்கு இராமநாதபுரம் நகரச் சந்தையின் சில்லறை விலை போன்ற, எல்லா நாளும் கிடைக்கும் ஒரு வரிசையைப் பயன்படுத்துங்கள். வரத்து பூஜ்யமாக இருக்கும் நாளில் மடக்கை எடுக்க முடியாது. சராசரி வரத்தின் சதவீதமாக அளந்தால் அந்தச் சிக்கல் எழாது.

4. காற்றைக் கருவியாக்கும் விதத்தை விலையைப் பார்க்கும் முன் முடிவு செய்யுங்கள்

வேகம் மட்டும் போதாது, திசையும் வேண்டும். எந்தக் காற்றில், எந்த வேகத்துக்கு மேல், எந்தப் படகு போகாது என்பதைக் கடற்கரையில் பத்து நிமிடம் பேசினால் சொல்லிவிடுவார்கள். வானிலைத் துறை மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு எச்சரிக்கை விடுத்தால் டோக்கன் வழங்குவது நிறுத்தப்படும் என்பதால், தொடர்பு நேர்கோடாக இல்லாமல் ஒரு வாசலைத் தாண்டியதும் திடீரென்று விழும். அந்த வாசலை ஒட்டி ஒரே ஒரு கருவியை வரையறுத்து, தேதியிட்டு எழுதி, உங்கள் நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ஒரு கருவி என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. வேகம், வேகத்தின் வர்க்கம், அலை உயரம், மூன்று நாள் சராசரி என்று பலவற்றைச் சேர்த்தால் முதற்கட்டப் பொருத்தம் கூடியதுபோல் தோன்றும். உண்மையில் வலுவற்ற கருவிகள் எண்ணிக்கையில் பெருகப் பெருக, இருகட்ட மதிப்பீடு (காற்றால் வரத்தையும், அந்த வரத்தால் விலையையும் கணக்கிடுவது) சாதாரண ரிக்ரஷனின் விடையை நோக்கி நகரும். பல வரையறைகளை முயன்று, முதற்கட்டத் தொடர்பின் வலுவை அளக்கும் எஃப் மதிப்பு 10-ஐத் தாண்டியதை மட்டும் வைத்துக்கொள்வதும் அதே அளவு தீங்கானது. தற்செயலாக வலுவாகத் தெரிந்த கருவியைத்தான் அந்த வழியில் தேர்ந்தெடுப்பீர்கள்.

5. இறுதி வடிவத்தில் எஃப் மதிப்பைப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். நாள்வாரி விளைவைக் கணக்கிட, ஹோர்தா 2005-இல் முன்வைத்த முறையில், ஒவ்வொரு எதிர்கால நாளின் விலைக்கும் தனித்தனி ரிக்ரஷன் ஓட்டுகிறோம். அதில் கருவியைப் புகுத்தும்போது, ஸ்டாக்கும் வாட்சனும் 2018-இல் தெளிவுபடுத்தியபடி, வழக்கமான நிபந்தனைகளுக்கு மேல் இன்னொன்று சேர்கிறது: கருவி இன்றைய அதிர்ச்சியோடு (எதிர்பாராத மாற்றத்தோடு) மட்டும் தொடர்பு கொள்ள வேண்டும், நேற்றைய அதிர்ச்சியோடும் நாளைய அதிர்ச்சியோடும் தொடர்பு இருக்கக் கூடாது. காற்று அப்படிப்பட்டதன்று. வாடை பிடித்தால் ஒரு நாளில் நிற்பதில்லை. ஆகவே முந்தைய நாள்களின் காற்று, வரத்து, விலை ஆகியவற்றையும், மாதத்தையும், கிழமையையும் கட்டுப்பாட்டு மாறிகளாகச் சேர்த்து, காற்றின் எதிர்பாராத பகுதியை மட்டும் பயன்படுத்த வேண்டும்.

அப்படிச் சேர்த்ததும் கருவியின் வலு சரியும். எடுத்துக்காட்டாக, காற்றும் வரத்தும் மட்டும் இருக்கும் கணக்கில் எஃப் 60 என்று வைத்துக்கொள்வோம். மாதத்தைச் சேர்த்தால் அது 25 ஆகலாம், ஏனெனில் வாடைக் காலத்தில் காற்றும் அதிகம், வரத்தும் குறைவு என்ற பருவத் தொடர்பே முதல் எண்ணின் பெரும்பகுதி. முந்தைய நாள்களின் காற்றைச் சேர்த்தால் 6-க்கு இறங்கலாம். உங்கள் மதிப்பீட்டின் தரத்தைச் சொல்வது அந்த 6 தான். ஆய்வேடுகளில் 60-ஐ அறிவித்துவிட்டு 6-ஐக் கொண்டு கணக்கிடும் பழக்கத்தை நான் பலமுறை கண்டிருக்கிறேன். வாசகரை அது முழுக்கத் தவறாக வழிநடத்துகிறது.

எஃப் மதிப்பையும், தொடர் நாள்களின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதைத் தாங்கும் நியூவி–வெஸ்ட் திட்டப் பிழையைக் கொண்டு கணக்கிடுங்கள். மென்பொருள் முதலில் அச்சிடும் எஃப் அதுவன்று.

6. எவ்வளவு இருந்தால் போதும்

10 என்ற எல்லை ஸ்டெய்கர், ஸ்டாக் இருவரின் 1997 ஆய்விலிருந்து பரவியது. சீரான, தொடர்பற்ற பிழைகளுக்கான பழைய கணக்கு அது. மோன்டியேல் ஒலேயா, ஃப்ளூகர் இருவரும் 2013-இல் தந்த அளவுகோலில், சாய்வு மிக மோசமான நிலையின் 10 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று 5 சதவீத மட்டத்தில் சொல்ல, ஒரு கருவிக்கு எஃப் ஏறத்தாழ 23.1 வேண்டும். மதிப்பீட்டைத் திட்டப் பிழையால் வகுத்துப் பெறும் டி மதிப்புக்கான வழக்கமான 1.96 என்ற எல்லையை மாற்றமின்றி நம்புவதற்கு 104.7 தேவை என்று லீ, மெக்ரேரி, மொரேரா, போர்ட்டர் நால்வரும் 2022-இல் காட்டினர். நம் கடற்கரையின் சில ஆண்டுத் தரவில் அவ்வளவு பெரிய எண்ணை எதிர்பார்க்காதீர்கள். அதற்காக ஆய்வைக் கைவிடவும் வேண்டாம். அடுத்த படியைச் செய்தால், எஃப் எதுவாக இருந்தாலும் நேர்மையான விடை கிடைக்கும்.

7. ஆண்டர்சன்–ரூபின் இடைவெளியைக் கணக்கிடுங்கள்

1949-இலிருந்தே உள்ள இந்த முறைக்கு விலைகொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் தேவையில்லை. இலவசமான ஆர் (R) மென்பொருள் போதும். விளைவு இவ்வளவு என்று ஓர் எண்ணை ஊகியுங்கள். விலையிலிருந்து அந்த எண்ணால் பெருக்கிய வரத்தைக் கழியுங்கள். மிஞ்சியதை, எல்லாக் கட்டுப்பாட்டு மாறிகளுடனும், காற்றின் மேல் ரிக்ரஷன் ஓட்டுங்கள். ஊகம் சரியென்றால் காற்றின் கெழு, அதாவது ரிக்ரஷனில் காற்றைப் பெருக்கும் எண், பூஜ்யத்திலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடக் கூடாது. வேறுபடாத ஊகங்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் அதுவே நம்பிக்கை இடைவெளி. கருவி வலுவற்றதாக இருந்தாலும் இது செல்லும்.

எண்களோடு பாருங்கள். காற்று ஓர் அலகு கூடினால் வரத்து 0.12 குறைகிறது, திட்டப் பிழை 0.05. விலை 0.06 ஏறுகிறது, திட்டப் பிழை 0.03. இரண்டின் பிழைகளுக்கும் தொடர்பில்லை என்று எளிமைக்காகக் கொள்வோம். மதிப்பீடு −0.5, அதாவது வரத்து 10 சதவீதம் குறைந்தால் விலை 5 சதவீதம் ஏறும். எஃப் 5.76. வழக்கமான 95 சதவீத இடைவெளி −1.14 முதல் 0.14 வரை, விளைவே இல்லை என்றும் அது இடம் விடுகிறது. ஆண்டர்சன்–ரூபின் இடைவெளியோ −2.99 முதல் −0.01 வரை. பூஜ்யத்தை அது விலக்குகிறது. அதே நேரத்தில், விளைவு நாம் நினைத்ததைப் போல ஆறு மடங்குகூட இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. ஒரே தரவு, இரண்டு வேறு முடிவுகள். நம்பத் தகுந்தது இரண்டாவது.

இதே எடுத்துக்காட்டில் வரத்தின் திட்டப் பிழை 0.065 ஆக இருந்திருந்தால் எஃப் 3.41 ஆகி, இடைவெளிக்கு எல்லையே இல்லாமல் போயிருக்கும். எஃப் 3.84-க்குக் கீழே வரும்போது அப்படித்தான் ஆகும். கணினி பிழை செய்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இந்தத் தரவு எந்தப் பெரிய விளைவையும் மறுக்க முடியாது என்பதே அதன் பொருள்.

8. நாள்வாரிப் படத்தை வாசிக்கும் விதம்

எல்லா நாள்களுக்கும் முதற்கட்டம் ஒன்றே. முதல் நாள் விலையானாலும் ஐந்தாம் நாள் விலையானாலும் வகுக்கும் எண் இன்றைய வரத்தின் மேல் இன்றைய காற்றின் கெழுதான். ஆகவே அந்தக் கெழு தற்செயலாகச் சிறுத்துவிட்டால் வளைகோடு முழுவதும் ஒருசேர உப்பும். பெருத்துவிட்டால் முழுவதும் ஒருசேரச் சுருங்கும். "முதல் நாள் விளைவு உறுதியில்லை, ஆனால் மூன்றாம் நாள் விளைவு வலுவானது" என்று எழுதும் முன் இதை நினையுங்கள். வளைகோட்டின் வடிவத்தை அதன் உயரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நம்பலாம்.

இன்றைய காற்றின் எதிர்பாராத பகுதி நாளைய காற்றையும் ஓரளவு தள்ளுவதால், நாளைய வரத்தும் குறையும். எனவே விலையின் படத்துக்குக் கீழே வரத்தின் நாள்வாரிப் படத்தையும் கட்டாயம் தாருங்கள். வரத்தின் மொத்தக் குறைவுக்கு விலையின் மொத்த ஏற்றம் எவ்வளவு என்று கேட்பதானால் இரண்டையும் நாள்தோறும் கூட்டிக்கொண்டே சென்று வகுக்க வேண்டும். அப்போது முதற்கட்டம் நாளுக்கு நாள் மாறுவதால் ஒவ்வொரு நாளுக்கும் தனி எஃப் மதிப்பை அறிவிக்க வேண்டும்.

9. காற்று வேறு வழியில் விலையைத் தொடுகிறதா

காற்றோடு மழையும் வந்தால் சந்தைக்கு வருவோர் குறைவார்கள். இந்த நேரடி விளைவு சிறியதாக இருக்கலாம். ஆனால் அதை முதற்கட்டக் கெழுவால் வகுக்கிறோம் என்பதை மறக்கக் கூடாது. மேற்கண்ட 0.12 என்ற கெழுவில் 0.01 அளவான நேரடி விளைவு மதிப்பீட்டை 0.08 தள்ளிவிடும், கெழு 0.04 ஆக இருந்தால் 0.25 தள்ளும். மழையளவைக் கட்டுப்பாட்டு மாறியாகச் சேருங்கள். தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் அதே நாளில் காற்றடித்திருந்தால் அங்கிருந்து வரும் மீனும் குறையும் என்பதால், நீங்கள் அளப்பது இந்த ஒரு துறையின் வரத்து விளைவு மட்டுமன்று. அதை வெளிப்படையாக எழுதுங்கள்.

10. கருவி கடைசிவரை வலுவற்றதாகவே இருந்தால்

செய்யக்கூடியவை இரண்டு. கூடுதல் ஆண்டுகளைச் சேர்ப்பது ஒன்று. பழைய நோட்டுகள் கிடைத்தால் இதுவே நல்ல வழி. மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் ஆகிய துறைகளின் வரத்தைக் கடல்வாரியாகப் பிரித்து ஒரே கணக்கில் அடுக்குவது மற்றொன்று. ஆனால் மூன்று துறைக்கும் காற்று பொதுவானது என்பதால் தரவு மூன்று மடங்கானதாக எண்ணிவிடக் கூடாது. நாள்வாரியாகத் தொகுத்த திட்டப் பிழையைப் பயன்படுத்துங்கள், அது நாள்களுக்கு இடையிலான தொடர்பையும் தாங்க வேண்டும். தடைக்காலத்தைக் கருவியாக்குவது மாற்று வழி ஆகாது: அதன் தேதி எல்லோருக்கும் முன்பே தெரியும், ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும், வியாபாரிகள் அதற்கேற்பத் தயாராகிவிடுவார்கள்.

ஆய்வேட்டில் இறுதி வடிவத்தின் எஃப், ஒவ்வொரு நாளுக்கும் ஆண்டர்சன்–ரூபின் இடைவெளி, ஒப்பீட்டுக்குச் சாதாரண ரிக்ரஷனின் விடை ஆகிய மூன்றையும் ஒரே அட்டவணையில் வையுங்கள். கருவி மதிப்பீடு சாதாரண ரிக்ரஷன் விடைக்கு அருகிலேயே இருந்து, எஃப்-உம் சிறியதாக இருந்தால், இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எழுதாதீர்கள். வலுவற்ற கருவி காட்டும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.